வலைக்கு வாங்காத ஈயம்

தம்பிமாரே, போன வாரம் உங்கள் பயிற்சிக்கூடத்தைக் காட்டினீர்கள். மட்டையின் தலையில் மாட்டுகிற இரும்பு வளையம், மணிக்கட்டில் கட்டுகிற மணல்பை, பிடித்து வீசுகிற குண்டு, எல்லாம் பெயின்ற் பூசி வரிசையாக வைத்திருந்தீர்கள். நடுவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்தி, "எவ்வளவு பாரம் வைக்கலாம், எத்தனை நாளைக்கு வைக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். காது நன்றாகவே கேட்கிறது. பதில் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது மரியாதையில்லை என்று பட்டது. ஆகையால் எழுதுகிறேன்.

பாரக் கணக்கு இதில் வராது. அதற்கு உங்களிடம் புத்தகங்கள் இருக்கின்றன. என்னைவிட நன்றாகவே சொல்லும். நான் சொல்லப்போவது ஒரு மனிதருடைய வலது கையைப் பற்றி. கேட்டு உங்களுக்குச் சந்தோசம் வரப்போவதில்லை. எழுதுகிற எனக்கும் வரவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு டெனிஸ் கிளப்பில் நான் மாக்கராக இருந்தேன். மாக்கர் என்ற உத்தியோகம் இப்போது இல்லை. விடிய எழும்பிக் கோர்ட்டைக் கூட்டி, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, அறுந்த மட்டைக்கு நரம்பு கட்டி, சோடியில்லாமல் வருகிறவருக்குச் சோடியாக நின்று ஆடுகிறவன் மாக்கர். கறையான் புற்று மண்ணை இடித்துப் போட்ட தரை அது. மாரியில் வாவித் தண்ணீர் ஏறிவந்து பாதிக் கோர்ட்டை நனைத்துவிடும். வெயில் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் எவனும் செய்யக்கூடிய வேலை. மாக்கரின் உண்மையான வேலை தோற்பது. துரைமாரோடு ஆடும்போது மாக்கர் வெல்லக்கூடாது. அப்படி எவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் வென்ற மாக்கர் கனகாலம் இருக்கமாட்டான். வேண்டுமென்று தோற்கிறான் என்று தெரியவும் கூடாது. தெரிந்துவிட்டால் துரைக்கு அது தோல்வியைவிடப் பெரிய அவமானம். கையால் தோற்கப் போனால் பிடிபட்டுப்போவாய். பந்தை வலையில் அடித்தால் துரைக்கு விளங்கிவிடும். காலால் தோற்க வேண்டும். அரை அடி பிந்திப் போய்ச் சேர்ந்து, உண்மையாகவே முக்கி முனகி அடித்து, உண்மையாகவே தவறவிட வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் இந்தக் கதைக்கு அது வேண்டும்.

மட்டைகள் அந்தக் காலத்தில் மரம். வாவிக்கரை ஈரத்தில் ஓர் இரவு வெளியில் கிடந்தால் அகப்பைபோல வளைந்துவிடும். அதற்காக இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் மட்டைத் தலையை வைத்து, நாலு மூலையிலும் திருகாணி பூட்டி இறுக்கி வைப்போம். ஒருநாள் அவசரத்தில் ஒரு மட்டையைச் சட்டத்தோடேயே எடுத்து வீசிப் பார்த்தேன். தோளிலிருந்து விரல்வரை எல்லாம் விழித்துக்கொண்டது. சில நாள் அப்படி வீசியபின் வெறும் மட்டையைத் தொட்டால் கையில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. பந்து மட்டும் பறந்தது. உங்கள் இரும்பு வளையத்துக்கு என்னுடைய பூட்டுச்சட்டம் மூத்த சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் நான் பழக்கிய ஒருவரின் கைக்குச் சட்டம் பழகியதும் இன்னும் கொஞ்சம் பாரம் தேவைப்பட்டது. ஏறாவூரில் வலைச்சாமான் விற்கிற காசிம் காக்காவிடம் போனேன். வீச்சுவலையின் விளிம்பில் கோப்பார்களே, அந்த ஈயக் குண்டுகளில் ஒரு சிரங்கை, ஒரு கைப்பிடி அளவு, கேட்டேன்.

"வலை எங்க மாக்கர்?" என்றார்.

"வலை இல்ல காக்கா. ஈயம் மட்டும் போதும்."

"வலை இல்லாம ஈயம் வாங்கின ஆள இண்டைக்குத்தான் காணுறன். ஆர உசிரோட வாவிக்குள்ள தாழ்க்கப்போறிங்க?" என்று சிரித்துச் சிரித்துக் கட்டித் தந்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஈயம் நல்லதம்பி என்ற கிளாக்கருக்காக வாங்கியது.

நல்லதம்பி ஐயா ஒல்லியான மனிதர். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். கிளப்புக்கு வரும் துரையின் கந்தோரில்தான் அவருக்கு வேலை. அந்தக் கந்தோருக்கு உன்னிச்சைக்கு அங்கால், காட்டுக்குள், ஒரு குளத்தடியில் கிளைக் கந்தோர் ஒன்று இருந்தது. அங்கே காய்ச்சல். போனவர்களில் பாதிப்பேர் குளிரில் நடுங்கிக்கொண்டு வண்டியில் திரும்பி வருவார்கள், மற்றவர்கள் திரும்புவதில்லை. கலியாணம் முடித்த புதிதில் நல்லதம்பி ஐயாவை அங்கே அனுப்பினார்கள். மனைவி தங்கப்பிள்ளையும் கூடப் போனார். ஒரு ஆண் குழந்தை அங்கே பிறந்து அங்கேயே காய்ச்சலில் போனது. இவரையும் சாகக் கிடந்த நிலையில்தான் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அப்போதிருந்த துரை தன் கண்ணால் அதைப் பார்த்தார். அதன்பிறகு, வருசா வருசம் குளத்தடிக்கு ஆள் தெரிவு செய்யும்போது இவருடைய பேர் வந்தால், பெரிய கிளாக்கர் "இவர் வருத்தக்காரன், துரை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போவார். நோயாளி என்கிற அந்த ஒரு சொல்தான் அந்தக் குடும்பத்துக்குக் கூரை. அந்தக் கூரைக்குக் கீழே அவர்களுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. செல்லம் என்று கூப்பிடுவார்கள்.

பழைய துரை மாறிப் புதுத் துரை வந்தார். முதல் வருசம் "வருத்தக்காரன்" என்றதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்து, "எத்தனை வருசத்துக்கு ஒருவன் வருத்தக்காரனாக இருப்பான்?" என்று கேட்டாராம். அன்றையிலிருந்து நல்லதம்பி ஐயாவுக்கு நித்திரை இல்லை. பெரிய கிளாக்கர் நல்ல மனிதர். ஒரு வழி சொன்னார். துரைக்கு டெனிஸ் என்றால் பைத்தியம். வருசத்துக்கு ஒருமுறை திருகோணமலைத் துரைமார் வந்து மோதுவார்கள். எங்கள் துரைக்குத் தோள்கொடுக்கச் சரியான சோடி இல்லை. "துரைக்குத் தேவையான ஆளாகிடு. தேவையான ஆள ஆரும் காட்டுக்கு அனுப்பமாட்டாங்க."

இது யாருக்கும் நியாயமாகத்தான் படும். எனக்கும் பட்டது.

அவர் என்னிடம் வந்தபோது மட்டை பிடிக்கத் தெரியும். கண் அருமையான கண். பந்து எங்கே விழும் என்பது அவருக்கு எங்கள் எல்லாருக்கும் முதல் தெரியும். ஆனால் அடித்தால் பந்து நோயாளிபோல வலையைத் தாண்டி விழும். "மாக்கர், என்ட கையில ஒண்டும் இல்ல. ஏதாவது செய்யுங்க. எனக்கு விளையாட்டு வேணாம். என்ட புள்ள டவுனுக்குள்ள இரிக்க வேணும், அவ்வளவுதான்" என்றார்.

செய்தேன். கந்தோருக்குப் போகுமுன் காலையில் வருவார். சட்டம் பூட்டிய மட்டையை, பந்தே இல்லாமல், வாவியைப் பார்த்து நின்று வீசுவார். கை பழகப் பழக ஒவ்வொரு ஈயக் குண்டாகச் சட்டத்தின் மூலையில் கட்டினேன். அவசரப்படுத்தவில்லை. அவருடைய உடம்பை நான் என் உடம்பைவிடக் கவனமாகப் பார்த்தேன். தோளில் முதலில் ஒரு கயிறு தெரிந்தது. பிறகு முழங்கைக்கு மேலே சதை திரண்டது. பந்து சத்தம் மாறியது. எங்கள் தொழிலில் இதைவிடச் சந்தோசமான சத்தம் கிடையாது, உங்களுக்கே தெரியும்.

தங்கப்பிள்ளை ஒருநாள் காலை அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பொதியைக் கொண்டுவந்தார். கிளப்புக்குள் எங்கள் பெண்கள் வரும் வழக்கமில்லை. வேலிக்கு வெளியே நின்று அவர் வீசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொதியை வாங்கப் போனேன்.

"பந்து இல்லாம காத்துக்கு அடிக்கிறார், என்னண்ணே இது?"

"கைக்குப் பெலன் வரத்தான் தங்கச்சி. பாருங்க, ஆள் எப்படி வந்திரிக்கார்."

"அதத்தான் பாக்கன்" என்றார். "சட்டையெல்லாம் இறுகிப்போச்சு. வருத்தக்கார ஆள் எண்டு சொல்லித்தானே நாங்க இஞ்ச இரிக்கம். இப்படி வந்தா மறுகா ஆர் நம்புவாங்க?"

நான் சிரித்தேன். "துரைக்குத் துணையா நிண்டு வெண்டு குடுத்தா, நம்பத் தேவையில்ல தங்கச்சி. துரையே விடமாட்டார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பொதியைத் தந்துவிட்டுப் போனார்.

போட்டி நாளில் கிளப்பில் ஊர்ப் பெரியமனிதர் எல்லாரும் இருந்தார்கள். எங்கள் துரையும் நல்லதம்பி ஐயாவும் ஒரு பக்கம், திருகோணமலையிலிருந்து வந்த இரண்டு துரைமார் மற்றப் பக்கம். நாங்கள் போட்ட திட்டம் மிக எளிது. நல்லதம்பி ஐயா பந்தை ஓட்டி ஓட்டிக் கொடுக்க வேண்டும். வெல்லும் அடியைத் துரைக்கு விட வேண்டும். துரை சந்தோசப்பட வேண்டும். முதல் செட் அப்படியே வென்றோம். இரண்டாவதில் துரைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வாவிக்கரைப் புழுக்கம் அவருக்குப் பழக்கமில்லை. தலைக்கு மேலே வந்த லேசான பந்துகளைக்கூட வெளியே அடித்தார். செட் போனது. மூன்றாவதும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பக்கம் மாறும்போது நல்லதம்பி ஐயா தண்ணீர் குடிக்கிற சாட்டில் என்னிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "துரையால ஏலாது, மாக்கர். தோத்தா அடுத்த வருசம் என்னை எடுக்கமாட்டார். என்ன செய்ய?"

தம்பிமாரே, இந்தமாதிரி நேரத்தில் உங்களிடமும் யாராவது வந்து நிற்பான். யோசிக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருக்கும். நீங்களும் நான் சொன்னதையேதான் சொல்லியிருப்பீர்கள். "எல்லாத்தையும் நீங்க எடுங்க ஐயா. துரைக்குப் போற பந்தையும் எடுங்க. பயப்படாம அடிங்க."

அடித்தார். அன்று நான் பார்த்த ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ஒல்லி மனிதர் துரைக்கு முன்னால் குறுக்கே ஓடி ஓடி ஒவ்வொரு பந்தாக எடுத்து, திருகோணமலைக்காரர் இருவருக்கும் நடுவில் அறைந்தார். ஒருவருடைய மட்டையே கையிலிருந்து சுழன்றுபோய் விழுந்தது. வென்றோம். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

வாகை மரத்தடியில் தேநீர் மேசை. துரைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தன் பந்தையெல்லாம் கிளாக்கர் எடுத்ததில் அவருக்குக் கொஞ்சமும் கோபமில்லை. அந்த விதத்தில் நல்ல மனிதர். எல்லாருக்கும் முன்னால் நல்லதம்பி ஐயாவின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மேற்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். கண்காட்சியில் மாடு பார்க்கிறதுபோல என்று நான் சொன்னால் பிழை. சகோதரனைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார். பிறகு பெரிய கிளாக்கரைத் திரும்பிப் பார்த்து, "இவனையா வருத்தக்காரன் என்கிறீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் சிரித்தார். நல்லதம்பி ஐயாவும் சிரித்தார். வேலிக்கு வெளியே நின்று தங்கப்பிள்ளை சொன்னது அந்தச் சிரிப்புக்குள்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கையில் தேநீர்க் கோப்பைத் தட்டு இருந்தது. அதை வைக்க இடம் தேடினேன்.

அடுத்த கிழமை உத்தரவு வந்தது. குளத்தடிக் கந்தோருக்கு நல்லதம்பி ஐயாவே தலைமைக் கிளாக்கர். பதவி உயர்வு. துரை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்தாராம். "அங்கே போகிற ஒருவனும் ஒரு மாரிகூடத் தாங்குகிறானில்லை. எனக்கு உன்னைப்போல உடம்புக்காரன் வேண்டும். கையை மட்டும் விட்டுவிடாதே. அடுத்த போட்டிக்கு உன்னைக் கூப்பிடுவேன்" என்றாராம். அவர் கெடுதல் நினைத்திருந்தால் நான் அவரைத் திட்டியாவது ஆறுதலடைந்திருப்பேன். அவர் நல்லது நினைத்துத்தான் செய்தார். திட்டுவதற்கு ஆள் இல்லாத துன்பம் இது.

சட்டமும் ஈயமும் பூட்டிய மட்டையை நல்லதம்பி ஐயா கூடவே கொண்டுபோனார். துரை சொன்னாரே, கையை விடாதே என்று. செல்லத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகத் தங்கப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

அடுத்த மாரிக்கு முன் ஒரு பின்னேரம் அவர் தனியாகக் கிளப்புக்கு வந்தார். நான் நரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். முகம் மஞ்சளாக இருந்தது. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து குடித்துக் குடித்துக் காது மந்தமாகியிருந்தது. வயிறு ஒரு பக்கம் காய்ச்சற்கட்டியால் புடைத்திருந்தது. வலது கை மட்டும் அப்படியே இருந்தது. வேறொருவருடைய கையை வாங்கிப் பூட்டிக்கொண்டதுபோல இருந்தது.

"செல்லம் எங்கள விட்டுப் போயிற்றாள், மாக்கர்" என்றார்.

நான் கையிலிருந்த நரம்பை விட்டுவிட்டேன். அது சுருண்டு போய் விழுந்தது.

"பொஞ்சாதிக்கு மறுகாவும் வயித்தில இரிக்கி. வந்தாறுமூலையில ஒரு தூரத்துச் சொந்தத்தில விட்டுட்டு வந்திரிக்கன். இந்தப் புள்ளயையும் அங்க கொண்டு போகேலா. துரையிட்டப் போய் வருத்தம் எண்டு சொன்னன். அவர் என்ட கையத்தான் பாத்தார். நாளைக்குக் காலையில மட்டையோட வா, ஒரு செட் அடிப்பம், மறுகா பேசுவம் எண்டார்." அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இத விடல்ல, மாக்கர். ஒவ்வொரு நாளும் வீசினன். அந்தக் காட்டுக்குள்ள வேற என்ன இரிக்கி செய்ய? புள்ள போன அண்டைக்கும் பின்னேரம் வீசினன். என்ன செய்யிற எண்டு தெரியாமத்தான் வீசினன்."

பிறகு கேட்டார். "கை மெலியிறத்துக்கு ஏதும் பயிற்சி இரிக்கா?"

நாற்பது வருசத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். பலம் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பலத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அது முடியாது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும் என்று சொன்னேனே, தோற்க. அதைச் சொல்லிக்கொடுத்தேன். இருட்டும்வரை கோர்ட்டில் நின்று சொல்லிக்கொடுத்தேன். "கைய மறந்துருங்க ஐயா. கால பிந்த விடுங்க. ஒவ்வொரு பந்துக்கும் அரை அடி பிந்திப் போங்க. உண்மையாவே ஏலாம அடிங்க." அவருக்கு நடிக்க வேண்டிய தேவையே இல்லை, கால்கள் உண்மையிலேயே நடுங்கின. விடைபெறும்போது அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. நானும் நம்பினேன்.

காலையில் துரை வந்தார். நான் வலைக்கருகே நின்று எண்ணிக்கை சொன்னேன். நல்லதம்பி ஐயா நான் சொன்னபடி ஆடினார். பிந்திப் போனார், எட்டி அடித்தார், தவறவிட்டார். இடையில் ஒருமுறை மட்டையை ஊன்றிக்கொண்டு நின்று இருமினார். அது நடிப்பில்லை. துரையின் முகம் மாறுவதைப் பார்த்தேன். முதலில் உற்சாகம், பிறகு சந்தேகம், பிறகு இரக்கம். வலைக்கு அருகே வந்து, "உனக்கு உண்மையிலேயே சுகமில்லையா?" என்று கேட்டார். நல்லதம்பி ஐயா தலையாட்டினார். துரை, "சரி, இந்த விளையாட்டோடு நிறுத்துவோம். பிறகு கந்தோரில் பேசுவோம்" என்றார். எனக்கு வாவியெல்லாம் வெளிச்சமானது. வந்தாறுமூலையில் இருக்கிற அந்தப் பெண்ணிடம் நானே நடந்துபோய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இன்னும் ஒரு பந்து ஆட இருந்தது.

துரை இரங்கித்தான் அந்தப் பந்தைப் போட்டார். சுகமில்லாத மனிதனை ஓடவைக்கக் கூடாது என்று, மெதுவாக, நேராக, அவருடைய வலது பக்கத்துக்கே, இடுப்பு உயரத்தில் போட்டார். பிந்திப் போவதற்குக் கால் வைக்க இடமே இல்லை. பந்து தானாக அவரிடம் வந்தது. காட்டுக்குள் காற்றுக்கு வீசிய அத்தனை வீச்சும் அந்தக் கையில் இருந்தது. அவர் அடிக்கவில்லை, கை அடித்தது. பந்து கோட்டோரமாகப் போய் மூலையில் சுண்ணாம்பைக் கிளப்பிவிட்டு வேலியில் மோதி நின்றது. அதைவிட அழகான அடியை அந்தக் கோர்ட்டில் நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

துரை அசையவில்லை. சுண்ணாம்புத் தூசு அடங்கும்வரை அந்த மூலையைப் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல. தனக்கு விட்டுக்கொடுத்து ஆடுகிறார்கள் என்று வந்த நாளிலிருந்தே அவருக்குள் ஒரு புண் இருந்தது. "இவ்வளவு நேரமும் என்னோடு விளையாட்டுக் காட்டினாயா?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்தாவது சொல்லியிருக்கலாம். "காய்ச்சற்காரன் இப்படி அடிக்கமாட்டான். நீ ஒருவன்தான் என்னோடு உண்மையாக ஆடியவன் என்று நினைத்திருந்தேன்." கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். "துரை, அவருடைய பிள்ளை செத்துப்போச்சு, துரை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நிற்கவில்லை. மாக்கர் சொல்வதைத் துரை எப்படி நம்புவார்? தோற்பதுதானே மாக்கரின் பிழைப்பு.

நல்லதம்பி ஐயா கோர்ட் உருளையின்மேல் குந்தியிருந்து மட்டையைச் சட்டத்துக்குள் வைத்துத் திருகாணி ஒவ்வொன்றாகப் பூட்டினார். பழக்கம். வளைந்துவிடக்கூடாதே. அந்த மாரியில் குளத்தடியில் அவர் காய்ச்சலில் போனார்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று என்னிடம் கேளாதீர்கள். வருகிற பிள்ளையிடம், ஏன் பலக்க வேண்டும் என்று கேளுங்கள். பலத்த பிறகு அந்தக் கையை யார் யார் பார்ப்பார்கள், பார்த்து அதற்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேளுங்கள். நான் முதலாவதைக் கேட்டேன், நல்ல பதில் கிடைத்தது. இரண்டாவதைக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேறென்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. பலமில்லாமலும் அந்த மனிதர் குளத்தடிக்குப் போயிருப்பார், "வருத்தக்காரன்" என்ற சொல் துரைக்கு ஒருநாள் சலித்திருக்கும். இதை நினைத்து மனதைத் தேற்றப் பார்க்கிறேன். தேறுவதில்லை. கேட்டால் காப்பாற்றலாம் என்று உங்களுக்கு நான் வாக்குத் தரமாட்டேன். கேளாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கோர்ட்டில் மாரித் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நாள்களில் தங்கப்பிள்ளை வந்தார். இடுப்பில் கைக்குழந்தை. மற்றக் கையில் அந்த மட்டை, சட்டமும் ஈயமும் பூட்டியபடி. வேலிக்கு வெளியேதான் நின்றார். மட்டை கிளப்புடையது, அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தேன் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். போகாமல் நின்றார். என்னைப் பாராமல் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா விளையாடுவாராண்ணே?" என்றார்.

"ஓம் தங்கச்சி. அவரைப் போல ஆரும் இஞ்ச விளையாடினதில்ல."

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "நான் அவர் காத்துக்கு அடிச்சதத்தான் பாத்தனான்" என்றார். "பந்துக்கு அடிச்சத ஒருநாளும் பாக்கல்ல."